வாய் ஒரு வீடு கேட்கும், கால் ஒரு வீடு கேட்கும்

விலைக்கு வந்த வீட்டைப் பார்க்கப் போனால் எல்லாரும் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். பாயம்மா படுத்துப் பார்ப்பார்.

இது நான் கண்ணால் கண்டது. கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரின் வீடு விலைக்கு வந்திருந்தது. வாத்தியாரும் அவர் மனைவியும் எங்களுக்கு ஒவ்வோர் அறையாகக் காட்டிக்கொண்டு வந்தார்கள். படுக்கையறை வந்ததும் பாயம்மா வெறும் தரையில் சால்வையை விரித்தார், காலை நீட்டிப் படுத்துக்கொண்டார்.

"லைட்ட அணைங்க சார்."

வாத்தியார் அணைத்துவிட்டார். ஆயுசு முழுக்கப் பிள்ளைகளை அதட்டியவர், ஏன் அணைத்தார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"கதவச் சாத்திட்டுப் போங்க."

சாத்தினார். உள்ளே இருட்டில் பாயம்மா, வெளியே நாங்கள். கொஞ்ச நேரத்தில் குறட்டைச் சத்தம் வந்தது. வாத்தியார் மனைவி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தரை நல்ல தரைதான்.

பாயம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, "பின்னாடி எவனோ வெறகு பொளக்குறான். மண்டைக்குள்ளயே பொளக்குற மாதிரி கெடக்கு. தூங்க ஆகாது சார்," என்றார்.

"நீங்க நல்லாத்தானம்மா தூங்குனீங்க?"

"நான் எங்கயும் தூங்குவேன். வாங்கப்போறவதான தூங்கணும்!" என்று என்னைக் காட்டினார். வாங்கப்போகிறவளான நான் அதற்குள் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

பாயம்மா என்பது அவர் பெயர் இல்லை. கொடைக்கானல் பஜாரில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்த பாயின் மனைவி என்பதால் ஊரே அப்படிக் கூப்பிட்டது. அந்தக் கடைக்கு நான் குல்லாயும் கையுறையும் பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்பளி நூல் வாங்கப் போவேன், பின்னியதைக் கொடுக்கப் போவேன், எதற்குப் போனாலும் பாயம்மா மாடியிலிருந்து, "ஏத்தா, மேல வா" என்பார். கடைக்கு மேலே இரண்டு அறைகளில் வாடகைக்குத்தான் இருந்தார்கள். நான் பேச மாட்டேன் என்பது அவருக்கு ரொம்ப வசதி. இருவருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார்.

அவருக்குச் சொந்த வீடு கிடையாது. ஆனால் ஊரில் யார் வீடு வாங்கினாலும் கூடப் போய்விடுவார். கூப்பிட்டாலும் போவார், கூப்பிடாவிட்டாலும் போவார். தரகர்கள் அவரைத் தூரத்தில் கண்டாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள். "அந்தம்மா வர்றதா இருந்தா சாவி கெடையாது," என்று வாய்விட்டே சொன்ன தரகரும் உண்டு. அவர் செய்கிற காரியத்துக்கு அவரே ஒரு பெயர் வைத்திருந்தார், 'குடியிருந்து பாக்குறது'.

அடுப்பங்கரைக்குள் போவார். இல்லாத அடுப்பில் இல்லாத தோசையைத் திருப்பிப் போடுவார். "அய்யோ, பால் பொங்குது!" என்று கத்துவார். படுக்கையறையில் இருக்கிறவர்கள் ஓடிவர வேண்டும். எந்தப் படியில் இடறுகிறார்கள், எந்த நிலைவாசலில் தலையை முட்டிக்கொள்கிறார்கள் என்று பார்ப்பார். ஒருமுறை ஒரு பேங்க்காரர் நிஜமாகவே முட்டிக்கொண்டார். "பாத்தீங்களா, பால் மிச்சம், மண்டை போச்சு," என்று அவர் நெற்றியில் தைலத்தைத் தேய்த்துவிட்டார். இன்னொரு வீட்டில் இல்லாத மருமகளோடு சண்டை பிடித்தார். சண்டை முற்றிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அம்மாள் சமாதானம் பண்ண வந்துவிட்டார். "நல்ல அக்கம்பக்கம். இத வாங்கிப் போடுங்க," என்று முடித்துவிட்டார் பாயம்மா.

போகிற இடத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் பையில் ஈரத்துண்டு ஒன்று எடுத்துப்போவார். உள்ளே நுழைந்ததும் அதைக் கொல்லைப்பக்கம் தொங்கவிடுவார். பேச்செல்லாம் முடிந்து கிளம்பும்போது எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். எங்கள் மலையில் ஐப்பசி கார்த்திகையில் உடுத்தின துணி காய்வதற்குள் உடுத்துகிற துணி தீர்ந்துவிடும். கரிச்சட்டியில் நெருப்பைப் போட்டு மேலே கூடையைக் கவிழ்த்துப் பிள்ளைத்துணி காயவைத்தவர்களுக்கு அந்தத் துண்டின் அருமை தெரியும். வீட்டைக் காட்டுகிறவர்கள் மட்டும் அந்தத் துண்டைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

அவர் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. "வாய் ஒரு வீடு கேக்கும் புள்ள, கால் ஒரு வீடு கேக்கும். வாய் கேக்குறது அடுத்தவனுக்குச் சொல்ல. கால் கேக்குறதுதான் நமக்கு. வாய் பேசட்டும்னு விட்டுட்டு நீ கால் எங்க போகுதுன்னு பாரு."

அப்படித்தான் பார்ப்பார். புதிதாகக் கல்யாணமான ஒரு பெண், பெரிய ஹால் வேண்டும், பெரிய ஹால் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வந்தாளாம். கால் என்னவோ மாமியார் அறைக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவே நடந்து நடந்து தூரம் அளந்ததாம். "ஹால் சின்னதானாலும் பரவாயில்ல, நடுவுல ரெண்டு கதவு உள்ள வீடாப் பாத்துக்கத்தா," என்று அவள் காதில் சொன்னாராம். அந்தப் பெண் பிறகு அவருக்குப் பேரிக்காய் கூடைகூடையாகக் கொடுத்து அனுப்பினாள். கொஞ்சம் நானும் தின்றிருக்கிறேன்.

தப்பும் நடக்கும். ஓர் அதிகாரி எந்த வீட்டுக்குப் போனாலும் விறுவிறுவென்று கொல்லைக்கே போனார். சரி, தோட்டப் பிரியர் என்று நினைத்து பாயம்மா அவருக்கு நிறைய மண் உள்ள வீடாகத் தேடிக் கொடுத்தார். குடிபோன பிறகுதான் தெரிந்தது, மனுஷன் பெண்டாட்டிக்குத் தெரியாமல் பீடி குடிக்க இடம் பார்த்திருக்கிறார். "அதுவும் தேவைதான! கொல்லையக் கேட்டுச்சா இல்லையா கால்?" என்று கடைசிவரை பாயம்மா தோல்வியை ஒத்துக்கொள்ளவில்லை.

எங்கள் கதைக்கு வருகிறேன்.

என் வீட்டுக்காரர் சுற்றுலா ஜீப் ஓட்டினார். காலையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொரு வியூ பாயிண்டாகக் காட்டி, சாயங்காலம் இறக்கிவிடுகிற சோலி. நாங்கள் குடியிருந்தது நாயுடுபுரத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு லைன் வீடு. வீட்டுச் சொந்தக்காரர் லைனையே இடித்துவிட்டுக் காட்டேஜ் கட்டப்போவதாகவும், சீசன் முடிவதற்குள் காலி செய்யும்படியும் சொல்லிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் வடகவுஞ்சியில் என் மாமனார் நிலத்தை விற்றதில் எங்கள் பங்கு வந்தது. வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கைக்கு வருகிற பணம். தப்பான வீட்டில் போட்டால் அதோடு போயிற்று, அந்த வீட்டிலேயே கிடந்து சாக வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரருக்கு ஒரே ஆசைதான், வியூ. "ஊர்ல இருக்கவன் எல்லாருக்கும் நான் காட்டுறேன். எனக்குன்னு ஒரு வியூ வேணாமா?" என்பார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கும்.

"உனக்கு என்ன வேணும்?" என்று என்னையும் கேட்டார், இல்லையென்று சொல்லக் கூடாது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் என்னிடம் எந்த வீடு வேண்டும் என்று கேட்டதில்லை. "உங்க இஷ்டம்," என்றேன். பிறகு இதைச் சொன்னதும் பாயம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

நான் கூச்சக்காரி. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், உள்ளே போய்விடுவேன். லைன் வீட்டில் கம்பளி நூல் மூட்டைகளுக்குப் பின்னால் எனக்கு ஓர் இடம் உண்டு. கேஸ்காரர் வந்தாலும், கணக்கெடுக்க வந்தாலும், சொந்தக்காரர்களே வந்தாலும் முதலில் அங்கேதான். அங்கிருந்து வந்தவரை நன்றாகப் பார்ப்பேன். சட்டை என்ன நிறம், பையில் என்ன, முகத்தில் என்ன கவலை, எல்லாம் பார்த்துவிடுவேன். என்னை யாரும் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். "ஊரையே சுத்திக் காட்டுறேன், என் பொண்டாட்டிய மட்டும் ஒருத்தனுக்கும் காட்ட முடியல," என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

வீடுகள் பார்க்கத் தொடங்கினோம். முதலில் பார்த்தது, நாயுடுபுரத்திலேயே ரோட்டு வளைவில் ஒரு பழைய வீடு. கொல்லைப்பக்கம் தகரம் போட்டது. முன்னால் நின்றால் பஞ்சர் கடையும், கடைக்காரர் அடுக்கி வைத்த டயர்களும் தெரியும். என் வீட்டுக்காரர் வாசலோடு திரும்பிவிட்டார். "இதுக்கு வியூ டயரா?" என்றார். பாயம்மா அன்றைக்கு அதிசயமாகப் படுக்கவும் இல்லை, தோசை சுடவும் இல்லை. துண்டை மட்டும் கொல்லையில் தொங்கவிட்டு எடுத்துக்கொண்டார். அடுப்பங்கரைக்குள் இருந்த என்னை அவர்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார். "போதும் வா. பூட்டப் போறாக," என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்துச் சிரித்தார். எதற்கென்று தெரியவில்லை.

இரண்டாவது வாத்தியார் வீடு. அதைத்தான் சொன்னேனே.

மூன்றாவதாக வந்ததுதான் கண்ணாடி வீடு. மதுரைக்காரர் ஒருவர் லீவுக்கு வந்து தங்கக் கட்டியது. பாயம்மா வந்தால் சாவி கிடையாது என்று தரகர் சொன்னதால் நாங்கள் இருவர் மட்டும் போனோம். ரோட்டிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். சரிவின் விளிம்பில் நிற்கும். ஹாலில் ஒரு பக்கம் சுவரே கிடையாது, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கீழே பெரியகுளத்துத் தோப்புகளும், வைகை அணையும், அதற்கு அப்பாலும் தெரிந்தன. என் வீட்டுக்காரர் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றார். திரும்பும்போது கண் கலங்கியிருந்தது. அந்த மனுஷனை நான் அப்படிப் பார்த்ததில்லை. வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

"வெள்ளிக்கெழம அட்வான்ஸ் கொடுத்துருவோம்," என்றார். அட்வான்ஸ் கொடுத்துப் பின்வாங்கினால் திரும்பி வராது என்று தரகர் முதலிலேயே சொல்லியிருந்தார். "நல்லாருக்குல்ல?" என்று என்னைக் கேட்டார்.

"நல்லாருக்கு," என்றேன். நல்லாத்தான் இருந்தது. எனக்கு மட்டும் கம்பளிச் சட்டையை உரித்துப் போட்டுவிட்டு நடுரோட்டில் நிற்கிற மாதிரி இருந்தது.

பாயம்மாவிடம் போய் நின்றேன். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் என்று மட்டும் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கெழமைதான? வியாழக்கெழம மத்தியானம் குடியிருந்து பாத்துருவோம்," என்றார். தரகர் சாவி தரமாட்டாரே? பாயம்மா தரகரிடம் போகவே இல்லை. அந்த வீட்டு வாட்ச்மேனுக்கு நான் பின்னிய குரங்குக் குல்லா ஒன்றைக் கொடுத்தார். சாவி வந்துவிட்டது.

வியாழக்கிழமை என் வீட்டுக்காரரைச் சவாரிக்குப் போக விடவில்லை. "தம்பி, இன்னிக்கு மத்தியானம் உங்க புதுவீட்ல எனக்கு விருந்து. வெரசா கெளம்புங்க," என்று சொல்லிவிட்டார். ஜீப்பை ரோட்டில் நிறுத்தியதும், "அந்தா, கேஸ் வந்துருச்சு. எறக்கிட்டு வாங்க," என்றார். எங்கள் வீட்டுச் சிலிண்டரையே வண்டியில் ஏற்ற வைத்திருந்தார். அவர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். கீழே வந்து மூச்சு வாங்கியபடி, "ஒடம்புக்கு நல்லது," என்றார்.

"தீந்ததும் மேல தூக்கிட்டுப் போகணும். அது இன்னும் நல்லது," என்றார் பாயம்மா.

துண்டைத் தொங்கவிட்டோம். கொண்டுபோன சோற்றைத் தின்றோம். தின்று கை கழுவுவதற்குள் மேகம் ஏறி வந்துவிட்டது. தோப்பு போயிற்று, அணை போயிற்று, வாசலில் நின்ற செடியும் போயிற்று. கண்ணாடி முழுக்க வெள்ளைச் சுவர்.

"வியூ எங்க தம்பி?"

"அங்கதான் இருக்கு. இப்பத் தெரியல, அவ்வளவுதான். மேகம் வெலகுனா பாருங்க." வருஷக்கணக்காகச் சுற்றுலாக்காரர்களிடம் சொல்லிப் பழகிய வாய், எந்த நேரமும் தயாராக இருக்கும்.

"இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்னா, உங்க லைன் வீட்டுச் சொவத்துக்குப் பின்னாடியும் அந்த அணை இருக்கத்தான தம்பி செய்யுது?"

என் வீட்டுக்காரர் அதற்குச் சிரித்துவிட்டார். ஆனால் அசையவில்லை. துண்டு ஈரமாகவே இருந்தது. "ரூம் ஹீட்டர் வாங்கிக்கலாம்," என்றார். பேசிக்கொண்டே எழுந்து படியேறி மேலே போனார். திரும்பி வந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போனார்.

"எங்க போறாரு தெரியுதா?" என்று பாயம்மா என் விலாவில் இடித்தார்.

"வண்டியப் பாக்க."

"ஆமா. காட்டுமாடு வந்து ஒரசிட்டுப் போயிருமோன்னு வாய் சொல்லும். வந்தாலும் வராட்டியும் போவாரு. இவ்வளவு நேரமும் கண்ணாடிக்கு முதுகக் காட்டித்தான ஒக்காந்திருந்தாரு. படிய எட்டி எட்டிப் பாத்தாரு. உன் வீட்டுக்காரருக்கு வேண்டியது அணை இல்லத்தா, ஜீப்பு."

"சொல்லுங்கக்கா அவர்ட்ட."

"நான் சொன்னா நான் சொன்னதாகும். நீ சொல்லு."

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் கொட்டாவிதான் வந்தது. பாயம்மா பெருமூச்சு விட்டார். "சரி, எனக்கு வீட்ல சோலி கெடக்கு. நீங்க ரெண்டு பேரும் சாயங்காலம்வர குடியிருங்க," என்று சால்வையைப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. இவரும் கைவிட்டுவிட்டாரே.

அவர் போய்க் கொஞ்ச நேரம் இருக்கும். கண்ணாடியில் டமடமவென்று தட்டுகிற சத்தம். "ஆள் இருக்கா? ஆள் இருக்கா உள்ள?"

பார்த்தால் வெள்ளை மேகத்துக்குள்ளிருந்து முகம் முகமாக முளைக்கிறது. ஒரு பெரிய மனிதர், ஒரு பெண், பிள்ளைகள், கையில் செல்போன். மெட்ராஸ்காரர்கள் போல. ரூம் தேடி ரோட்டில் நின்ற குடும்பத்தை, "கீழ ஒரு வீடு இருக்கு, கேட்டுப் பாருங்க," என்று பாயம்மா கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். தட்டுகிறதும் அவரேதான்.

நான் எழுந்து ஓடினேன். ஹாலில் எங்கே நிற்பது? எங்கும் கண்ணாடி. அடுப்பங்கரைக்கு ஓடினேன். ஓப்பன் கிச்சனாம், மறைப்பே கிடையாது, இடுப்புயர மேடைதான். படுக்கையறைக்கு ஓடினேன். அங்கேயும் ஜன்னல் தரைவரை, அந்தப் பக்கம் ஒரு பையன் எனக்குக் கையாட்டினான். திரும்பி ஓடினேன். கடைசியில் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். அந்தக் கதவும் பாதிக்கு மேல் சொரசொரப்புக் கண்ணாடி. உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே கூட்டம் ஹாலுக்குள் வந்துவிட்டது. "சார், ரூம் ரெண்ட் எவ்வளவு?" என்றார் பெரிய மனிதர். "இது ரூம் இல்ல சார், வீடு," என்று என் வீட்டுக்காரர் சொல்வது கேட்டது. "பரவால்ல சார், வியூ மட்டும் பாத்துட்டுப் போயிடறோம்," என்றார் அந்தப் பெண். பிறகு என் வீட்டுக்காரர் குரல், தன்னை அறியாமல், சவாரியில் கேட்கிற அதே ராகத்தில்: "இந்தப் பக்கம் நின்னு பாருங்க சார், நேரா தெரியுறது வைகை அணை, இப்ப மேகம் மறைச்சிருக்கு..." பாதியில் நின்றது. அப்போதுதான் அவருக்கே காதில் விழுந்திருக்கும், தன் வீட்டு ஹாலிலும் தான் டியூட்டி பார்க்கிறோம் என்று.

"இவ எங்க?" என்றார்.

பாயம்மா பாத்ரூம் கதவைத் தட்டினார். "உள்ள ஆள் இருக்கா?"

"இல்ல!" என்றேன்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. பிள்ளைகள் விழுந்து புரண்டன. நான் முந்தானையால் தலையை மூடிக்கொண்டேன். சிரிப்பெல்லாம் அடங்கிப் படியில் ஏறிப் போனது. அதற்குப் பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரின் நிழல் வந்து நின்றது. அவர் சிரிக்கவில்லை.

"வெளிய வா. எல்லாரும் போயிட்டாக."

தாழ்ப்பாளைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார், வீட்டைச் சுற்றிப் பார்த்தார், அந்த வெள்ளைக் கண்ணாடியைப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய வீட்ல உனக்கு நிக்க ஒரு எடம் இல்லையே," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். போய்ச் சிலிண்டரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். படி ஏறும்போது, உடம்புக்கு நல்லது என்று சொல்லவில்லை. மேலே போனால், குளிரில் நடுங்கிக்கொண்டு நின்ற மெட்ராஸ் குடும்பத்தைக் கடைக்கு நடத்திக்கொண்டு போகிறார் பாயம்மா. ஆளுக்கொரு ஸ்வெட்டரும் குல்லாயும் விற்றுவிட்டதாகப் பிறகு பாய் சொன்னார்.

வண்டியில் ஏறியதும் என் வீட்டுக்காரர் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தார். "இப்பவாவது சொல்லு. எதுல நிப்ப நீ?"

சொல்லிவிட்டேன். "அந்த டயர் வீட்ல, அடுப்பங்கரையில, சின்ன ஜன்னல் ஒண்ணு இருக்கு."

அதுதான் எங்கள் வீடு ஆயிற்று. ரோட்டு வளைவில், மரக்கதவு போட்ட ஒரு சின்ன ஜன்னல். பாதிக் கதவைச் சாத்திவைத்தால் உள்ளே இருட்டு. போகிறவர் வருகிறவர் எல்லாரையும் நான் பார்க்கலாம், என்னை ஒருத்தரும் பார்க்க முடியாது. பின்னிக்கொண்டே பார்ப்பேன். ஜன்னலுக்கு நேர்கீழே ஜீப் நிற்கும். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தாலும் என் வீட்டுக்காரர் அங்கே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் படுப்பார். கொல்லையில் துணி காயும். "வியூ இல்ல" என்று ஊருக்கெல்லாம் குறைபடுவார். வாய் அதுபாட்டுக்குக் கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"மொத நாளே தெரியுமா உங்களுக்கு?" என்று பாயம்மாவிடம் கேட்டேன்.

"அந்த ஜன்னல்ட்ட நீ நின்ன நெலயப் பாத்தேனே. கூப்பிட்டாலும் காது கேக்கல. நீயாச் சொல்லுவன்னு காத்துக் கெடந்தேன், சண்டாளி, கக்கூஸ்ல போய் ஒளியிற வரைக்கும் சொல்லலயே!"

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கதவைத் தட்டமாட்டார். ஜன்னலுக்கு எதிரே ரோட்டில் நின்றுகொண்டு, பஞ்சர் கடைக்காரரிடம், "இந்த வீட்ல ஒருத்தி இருந்தா, நல்லாப் பின்னுவா, ஆனா பாவம் ஆளே கண்ணுக்குத் தெரியாது," என்று உரக்கச் சொல்வார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் கதவைத் திறந்துவிடுவேன்.

சில வருஷம் கழித்து பாய்க்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. கடையை விட்டுவிட்டுக் கீழே பழனிக்குப் போய்விடுவது என்று முடிவானது. பாயம்மா வந்து ஜன்னலுக்கு எதிரே நின்றார், அன்றைக்குக் கேலி எதுவும் பேசவில்லை. நானே கதவைத் திறந்துகொண்டு போனேன்.

"பாய் வீடு வாங்கிட்டாரு," என்றார்.

"நீங்க குடியிருந்து பாத்தீங்களா?"

"எங்க? என்னக் கூட்டிட்டுப் போனா இந்த சென்மத்துல வாங்க முடியாதுன்னு வெள்ளனே எந்திரிச்சு மொத பஸ்ஸப் புடிச்சுப் போயி, ஒத்தயாப் பாத்து, ஒத்தயா அட்வான்ஸ் கொடுத்துட்டு வந்துட்டாரு அந்த மனுசன்!" ஊர் வீட்டையெல்லாம் படுத்துப் பார்த்தவர், தன் வீட்டைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. நான் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவரே சிரித்துவிட்டார். சிரித்து முடிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மொத வீடு. இந்த வயசுல. எப்படி இருக்கோ என்னமோ," என்றார்.

அதன் பிறகு எனக்கு ஒரே யோசனை. அவர் காலை நான் எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். தோசை சுட்டு, படுத்து, சண்டை போட்டு எல்லாம் ஆன பிறகு அது எங்கே போகும்? பக்கத்து வீட்டு வாசலுக்குப் போகும். "இங்க எப்படிம்மா, தண்ணி வருதா, யார் யார் இருக்கீக?" என்று ஆரம்பித்தால் கூட்டிக்கொண்டு வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பாய்க்கு அது தெரியுமோ தெரியாதோ. நாலு பக்கமும் சுவர் எழுப்பின வீடாக வாங்கியிருந்தால் என்ன செய்வார்?

முருகனைக் கும்பிடப் பழனிக்குப் போனபோது தேடிக்கொண்டு போனோம். நான் பயந்த மாதிரியே ஆள் உயரத்துக்கு மேல் காம்பவுண்டு, இரும்புக் கேட்டு, உள்ளே பளபளவென்று தரை. பாய் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி, வாம்மா. வீடு எப்படி?"

"நல்லாருக்கு பாய். அக்கா எங்க?" என்றார் என் வீட்டுக்காரர்.

பாய் தெருவைக் காட்டினார். "இந்தத் தெருவுலதான் எங்கயாச்சும் இருக்கும். சோத்துக்கு வரும், ராத்திரி தூங்க வரும். நான் வீடு வாங்குனேன், அவ தெருவ வாங்கிட்டா."

என் வீட்டுக்காரருக்கு மலைக்கோயில் படி ஏறி இறங்கிக் கால் வலி, உட்கார்ந்துவிட்டார். "நீ போய்க் கூட்டிட்டு வா," என்றார், வேண்டுமென்றேதான். தெரியாத ஊர், தெரியாத தெரு. முதல் வீட்டு வாசலில் நின்றேன், குரல் வரவில்லை. இரண்டாவது வீட்டில் எட்டிப் பார்த்தேன், நாய் குரைத்தது. அடுத்த வீட்டில் யாரோ குடிவரப்போகிறார்கள் போல, வெள்ளையடித்துக் காலியாக இருந்தது. வாசலில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே அறைக்கதவு சாத்தியிருந்தது. கொல்லையில் ஒரு துண்டு தொங்கியது.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. அவர்கள் இருவரையும் தாண்டிக்கொண்டு போனேன். கதவைத் தடதடவென்று தட்டினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

"உள்ள ஆள் இருக்கா?"

குறட்டை நின்றது. பிறகு இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"இல்ல!"